கொவென்ட்ரி வண்டிக்கு ஹட்டனிலிருந்து ஒரு கப்பல் டிக்கெட்

ஹட்டன் ஸ்டேஷனுக்குப் போகும் வழியில் எனக்கு ஒரு கொமினிகேஷன் இருக்கிறது. போட்டோகொப்பி, ரீலோட், லைட் பில், நடுநடுவே எல்லவுக்குப் போகும் வெள்ளைக்காரர்களுக்கு ரயிலில் சீட் பார்த்துக் கொடுப்பது. அந்தக் கடைசி வேலையால் வீட்டில் எனக்கு ஒரு பெயர் வந்துவிட்டது. டிக்கெட் சமாச்சாரம் என்றால் தம்பியிடம் கேள்.

போன வருஷம் பெப்ரவரியில் அக்கா கோல் எடுத்தாள். "தம்பி, மே கடைசியில பிள்ளைகளுக்கு ஒரு கிழமை லீவு. அத்தான் மோட்டார்ஹோம் ஒண்ணு வாடகைக்கு எடுக்கிறாரு, படுக்க, சமைக்க எல்லாம் உள்ள வண்டி. ஜெர்மனிக்குப் போயி ஹம் காமாட்சி அம்மனைக் கும்பிட்டுட்டு வரணும். கப்பல் டிக்கெட்டை நீ பாரு, எங்க ரெண்டு பேருக்கும் நேரமே இல்ல."

நேரமில்லை என்பது உண்மைதான். அக்காவுக்கு இங்கிலாந்தில், கொவென்ட்ரியில் முதியோர் இல்லத்தில் இரவு வேலை, அத்தானுக்கு ஒரு கிடங்கில் பகல் வேலை. ஹம் என்பது ஜெர்மனியில் ஒரு ஊர். அங்கே இருப்பது 2002இல் குடமுழுக்கு நடந்த பெரிய கோயில், ராஜகோபுரத்தோடு நம் ஊர்க் கோயில் மாதிரியே நிற்கிறது. அதன் தேர் மே, ஜூன் வாக்கில் வரும். ஆனால் பள்ளி லீவும் தேரும் ஒத்துவரவில்லை, வெறும் தரிசனம்தான் என்று முடிவாகியிருந்தது. நான் கூடப் போகவில்லை. இது கப்பலில் போனவனின் கதை இல்லை, ஹட்டனில் உட்கார்ந்து டிக்கெட் தேடியவனின் கதை.

ஒரு மணி நேர வேலை என்று நினைத்தேன். மூன்று கிழமை போனது.

இங்கிலாந்திலிருந்து வண்டியோடு கடல் தாண்ட இத்தனை வழி இருக்கும் என்று எனக்குத் தெரியாது. டோவரிலிருந்து பிரான்ஸின் கலேக்கு ஒன்றரை மணி நேரம். பி அண்ட் ஓ, டிஎஃப்டிஎஸ், ஐரிஷ் ஃபெரீஸ் என்று மூன்று கம்பனிகள் அதில் ஓடுகின்றன. அதே டோவரிலிருந்து டன்கிர்க்குக்கு இரண்டு மணி நேரம், அது டிஎஃப்டிஎஸ் மட்டும். நியூஹேவனிலிருந்து தியெப்புக்கு நாலு மணி நேரம். கிழக்குப் பக்கம் ஹாரிச்சிலிருந்து நெதர்லாந்தின் ஹூக் வான் ஹொலண்டுக்கு ஸ்டெனா லைன், பகல் கப்பல் என்றால் ஏறக்குறைய ஏழு மணி நேரம். ஹல்லிலிருந்து ரொட்டர்டாமுக்கு ராத்திரி முழுக்க. இது போதாதென்று கடலுக்கு அடியில் சுரங்க ரயில் வேறு, 35 நிமிடத்தில் அந்தப் பக்கம். எரிவாயுவில் ஓடும் வண்டியை அதில் ஏற்ற மாட்டார்கள். அத்தானுடையது டீசல், ஏற்றுவார்கள். ஆனால் விலையைப் பார்த்ததும் அந்தப் பக்கத்தை மூடிவிட்டேன்.

வரைபடத்தில் பார்த்ததும் எனக்கு ஹூக்தான் பிடித்தது. அங்கே இறங்கினால் ஹம் முந்நூறு கிலோமீட்டர்கூட இல்லை. டன்கிர்க்கில் இறங்கினால் சுமார் நூற்றைம்பது கிலோமீட்டர் கூட ஓட வேண்டும். குறுக்கு வழிதானே மலிவு என்று நம் புத்தி சொல்லும். காகிதத்தில் கணக்குப் போட்டேன். அந்த வண்டி லீட்டருக்குப் பத்துக் கிலோமீட்டர் ஓடும் என்றார் அத்தான். அப்படியானால் கூடுதல் டீசல் பதினைந்து லீட்டர், இருபது சொச்சம் பவுண். கப்பல் டிக்கெட்டிலோ அறுபது பவுணுக்கு மேல் வித்தியாசம். ஹூக் போயிற்று.

ராத்திரிக் கப்பல்களில் எனக்கு ஒரு கண் இருந்தது, தூங்கிக்கொண்டே போய்விடலாமே என்று. ஆனால் ஹல், ஹாரிச் ராத்திரிக் கப்பல்களில் கேபினும் சேர்த்துத்தான் எடுக்க வேண்டும். "நம்ம வண்டியிலதான் நாலு கட்டில் இருக்கே, அதுலயே படுத்துக்குறோம்" என்றாள் அக்கா. முடியாது. கப்பல் கிளம்பியதும் வண்டிகள் நிற்கும் தட்டைப் பூட்டிவிடுவார்கள், எல்லாரும் மேலே வந்துவிட வேண்டும். கட்டிலுள்ள வண்டியைக் கீழே கட்டிப் போட்டுவிட்டு மேலே இன்னொரு கட்டிலுக்கு வாடகை கொடுப்பதா? அதுவும் போயிற்று. மிஞ்சியது டோவர்.

இனி நாள், நேரம். பள்ளி லீவு தொடங்கும் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு, கலேக்கு ஒரு வழி 236 பவுண் காட்டியது. அம்மாவிடம் சொன்னேன். அம்மா முப்பது வருஷம் கொழுந்து எடுத்தவர். அவருக்கு ரூபாயில் சொன்னாலே பாதிதான் ஏறும், பேரில் சொல்ல வேண்டும். ஒரு பேர் என்றால் தோட்டத்தில் ஒரு நாள் சம்பளம். கால்குலேட்டரை எடுத்து, பவுணுக்கு 380 ரூபாய் என்று பெருக்கி, ஒரு பேருக்கு 1,350 ரூபாய் என்று வகுத்தேன்.

"அறுபத்தாறு பேரும்மா."

"ஒன்றரை மணி நேரத்துக்கா?" என்றவர் கொஞ்சம் நேரம் பேசவில்லை. அப்புறம், "அரைப் பேருக்குப் போற கப்பல் இல்லையா?" என்று கேட்டார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் வழி அதில்தான் இருந்தது.

கப்பல்காரர்களின் விலை பஸ் டிக்கெட் மாதிரி இல்லை. ஒரே நாளில், ஒரே கப்பலில், ஒரே வண்டிக்கு மணிக்கு மணி மாறும். எல்லாரும் காலைச் சாப்பாடு முடித்துவிட்டு ஏற நினைக்கும் நேரத்துக்கு உச்ச விலை. யாரும் ஏற விரும்பாத நேரத்துக்கு, அதாவது அரைத் தூக்கத்துக்கு, அரை விலை. வெள்ளி இரவு கழிந்து சனி அதிகாலை 2 மணிக்கு டன்கிர்க் கப்பல் 139 பவுண்தான். மற்றவர்களுக்கு அந்த நேரம் கஷ்டம், போய் இறங்கி அறை தேட வேண்டும். மோட்டார்ஹோம்காரர்களுக்கு என்ன கஷ்டம்? இறங்கியதும் வண்டிகளுக்கென்று ஒதுக்கிய இடத்தில் நிறுத்திவிட்டுப் படுக்க வேண்டியதுதான். பிரான்ஸில் பல ஊர்களில் நகரசபைகளே அப்படி இடம் விட்டிருக்கின்றன, 'ஏர்' என்று சொல்கிறார்கள். மோட்டார்ஹோம் வைத்திருப்பவனுக்குக் கப்பலில் கிடைக்கும் உண்மையான தள்ளுபடி இந்த அகால நேரம்தான் என்பது என் முடிவு. மற்ற தள்ளுபடிகளையும் பார்த்தேன். அங்கே கேரவன் வைத்திருப்பவர்களின் சங்கங்கள் உறுப்பினர்களுக்குக் கப்பலில் விலை குறைத்துக் கொடுக்கின்றன. வருஷத்துக்கு நாலு தடவை போகிறவர்களுக்குச் சரி. ஒரே ஒரு பயணத்துக்குச் சந்தா கட்டிச் சேர்ந்தால் குறையும் காசு சந்தாவிலேயே போய்விடும். விலை ஒப்பிட்டுக் காட்டும் ஒரு தளத்தில் ஐந்து பவுண் மலிவாகத் தெரிந்தது. கடைசிப் பக்கத்தில் கட்டணம் என்று எட்டுப் பவுண் சேர்ந்தது. கம்பனியிடமே நேரே எடுப்பதென்று முடிவு செய்தேன்.

ஆனால் உடனே எடுக்க முடியவில்லை, விசா. இங்கிலாந்தில் வேலை விசாவில் இருந்தாலும் இலங்கைப் பாஸ்போர்ட் என்றால், பல ஐரோப்பிய நாடுகளுக்கும் பொதுவான ஷெங்கன் விசா தனியாக எடுக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஆளுக்கு 90 யூரோ. மூத்தவனுக்கு எட்டு வயது, அவனுக்கு 45. சின்னவளுக்கு ஐந்து, அவளுக்கு இலவசம். அதிக நாள் தங்குவது ஜெர்மனி என்பதால் அந்த நாட்டிடம்தான் விண்ணப்பிக்க வேண்டும், பிரான்ஸில் இறங்குகிறோம் என்று பிரான்ஸிடம் கொடுக்கக் கூடாது. இது வருமா வராதா என்று தெரியாமல், மாற்றவே முடியாத அடிமாட்டு விலை டிக்கெட்டை எடுத்து வைப்பது சூதாட்டம். கொஞ்சம் கூடக் கொடுத்து, தேதி மாற்றக்கூடிய வகையை எடுப்போம் என்றேன். அக்காவுக்கு மனமில்லை. பதினான்கு பவுண் வித்தியாசத்துக்கு இரண்டு நாள் பேசினோம். கடைசியில் விசா கைக்கு வரட்டும், அதுவரை விலை ஏறினால் ஏறட்டும் என்று விட்டோம். ஏப்ரலில் விசா வந்தது. விலை நல்லவேளை ஏறவில்லை. ஆனால் இதை யாருக்கும் யோசனையாகச் சொல்ல மாட்டேன், அது அதிர்ஷ்டம்.

டிக்கெட் எடுத்த காலைதான் வேடிக்கை. காசு அக்காவின் கார்டில் போக வேண்டும், ஓடிபி அவள் போனுக்கு வரும். அவளுக்கு இடைவேளை இரவு இரண்டு மணிக்கு, இங்கே காலை ஆறரை. கடையைத் திறக்காமல் உள்ளே உட்கார்ந்து எல்லா விபரத்தையும் நிரப்பி வைத்துக்கொண்டு காத்திருந்தேன். வெளியே பனி, எதிர்க் கடை போர்டுகூடத் தெரியவில்லை. அக்கா கோலில் வந்தாள். ஆறு இலக்கத்தையும் வாசித்தாள். நான் போடுவதற்குள் யாரோ பெரியவர் அழைக்க, "இருடா" என்று போனைக் கட் பண்ணிவிட்டாள். நான் கடைசி இலக்கம் ஏழா ஒன்றா என்று யோசிக்கும்போதே பக்கம் காலாவதியானது. மறுபடி முதலிலிருந்து. இரண்டாவது தடவை சரியாக விழுந்தது.

அம்மா பிளேன் டீயோடு வந்து பக்கத்தில் நின்றார். "திரும்பி வர்றதுக்கும் எடுத்துட்டியா?"

"அது வேற கம்பனிம்மா. அதுக்கு நாளைக்குப் பார்க்கிறேன்."

போக வர ஒன்றாய் எடுத்தால் மலிவு என்பதும் இந்தத் தடவை பலிக்கவில்லை. போக ஒன்று, வர ஒன்று என்று தனித்தனியாகப் பார்த்தபோதுதான் குறைந்தது. திரும்பி வர வியாழக்கிழமை நடுப்பகல் கலேயிலிருந்து வேறொரு கம்பனியில் 127 பவுண்.

"நாளைக்கு இல்ல. இப்பவே எடு" என்றார் அம்மா.

அம்மாவின் பெரியம்மா குடும்பம் சிறிமா சாஸ்திரி ஒப்பந்தத்தில் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர்கள். அம்மாவுக்கு அப்போது பத்து வயது. இதே ஹட்டன் ஸ்டேஷனில் கோச்சி ஏறி, தலைமன்னாரில் கப்பல் ஏறி, ராமேஸ்வரத்தில் இறங்கி, மண்டபம் முகாமுக்குப் போனார்கள். இரண்டு டிரங்குப் பெட்டி, ஒரு குத்துவிளக்கு. கொஞ்ச நாள் கடிதம் வந்தது, அப்புறம் நின்றுபோனது. அம்மாவைப் பொறுத்தவரை கப்பல் ஒரு பக்கம்தான் போகும். நான் அக்காவை மறுபடி கோலில் பிடித்தேன். அவளுக்கு இடைவேளை முடிய ஆறு நிமிடம் இருந்தது. எடுத்துவிட்டோம்.

எல்லாம் முடிந்தது என்று இருந்தேன். மே நடுவில் அத்தான் வாடகைக் கம்பனியில் வண்டியைப் பார்த்துவிட்டுப் படம் அனுப்பினார். அழகான வெள்ளை வண்டி. பின்பக்கம் சைக்கிள் மாட்டும் ராக் ஒன்று.

எனக்கு வயிறு கலங்கியது. கப்பலில் வண்டிக்கு நீளத்துக்குத்தான் காசு. விளம்பரத்தில் இருந்த 6.99 மீட்டரைப் பார்த்து ஏழு மீட்டர் என்று நான் போட்டிருந்தேன். ராக், இழுவைக் கொக்கி, கூரையில் உள்ளது எல்லாம் சேர்த்துத்தான் நீளமும் உயரமும் என்று அதே பக்கத்தில் எழுதியிருக்கிறது. வெள்ளைக்காரர்களிடம் பாஸ்போர்ட் இலக்கத்தை இரண்டு தடவை சரிபார்க்கும் நான் அதை வாசிக்கவில்லை. "அத்தான், ஒரு டேப் பிடிச்சு அளந்து பாருங்க" என்றேன். மூத்தவன் முன்பக்க பம்பரில் டேப்பின் நுனியைப் பிடித்துக்கொண்டு நிற்க, அத்தான் பின்னால் போய் அளந்தார். 7 மீட்டர் 62. டோவரில் கண்டுபிடித்தால் அந்த நேரத்து விலையில் வித்தியாசம் கேட்பார்கள், இடமில்லையென்றால் அடுத்த கப்பல். இரண்டு டிக்கெட்டையும் மாற்ற மொத்தம் 22 பவுண். என் கவலையீனத்துக்கு விலை. அத்தான் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா சொன்னாள்.

வாடகை வண்டி என்பதால் இன்னொன்று: அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோக உரிமையாளர் சம்மதம் வேண்டும். அதற்கு விஈ103 என்று ஒரு சான்றிதழ், வண்டிப் புத்தகத்துக்குப் பதிலாகக் கையில் இருக்க வேண்டியது. வாடகைக் கம்பனி அதற்கும் வெளிநாட்டுக் காப்புறுதிக்கும் தனிக் காசு கேட்டது. இதை முதல் நாளே கேட்டிருக்க வேண்டும். கப்பலில் மிச்சம் பிடித்ததில் பாதி அங்கே போனது.

கடைசி நாள் சமையல் பஞ்சாயத்து. வண்டியில் பிரிட்ஜ் இருக்கிறது, கோழிக்கறி வைத்துக் கொண்டுபோகிறேன் என்றாள் அக்கா. இங்கிலாந்திலிருந்து போகிறவர்கள் ஐரோப்பாவுக்குள் இறைச்சியும் பாலும் கொண்டுபோகக் கூடாது. மீன் போகலாம். ஆக மாசிச் சம்பலும் ரொட்டியும்.

வெள்ளி இரவு பத்தரைக்கு டோவரில் வரிசையில் நிற்பதாக மெசேஜ். பிரெஞ்சுப் பொலிஸ் அங்கேயே, கப்பல் ஏறும் முன்பே பாஸ்போர்ட்டில் முத்திரை குத்திவிட்டார்களாம். கேஸ் சிலிண்டரை மூடியாயிற்றா என்று கேட்டார்களாம். சீக்கிரம் வந்துவிட்டதால் முந்தின கப்பலில் ஏற்றுவார்களா என்று அத்தான் கேட்டிருக்கிறார். ஏற்றவில்லை.

கப்பலில் ஏறியதும் போனை விமானப் பயணத்துக்கு வைக்கிற மாதிரி அடைத்துவிடச் சொல்லியிருந்தேன். நடுக்கடலில் போன் கப்பலின் சொந்த நெட்வேர்க்கைப் பிடித்துக்கொள்ளும், அதன் பில் வேறு மாதிரி இருக்கும். அதனால் இங்கே காலை ஆறரையிலிருந்து ஒரு சத்தமும் இல்லை. கப்பல்கள் போகிற இடத்தைக் காட்டும் ஆப் ஒன்றில் அந்தக் கப்பலின் பெயரைப் போட்டு அம்மாவிடம் கொடுத்தேன். கடலில் எத்தனையோ அம்புக்குறிகள், அதில் ஒன்று அவர்கள். அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, போனை மேசையில் சாய்த்து வைத்து, அதன் முன்னால் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கினார். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை "இது ஓடவே மாட்டேங்குதே" என்றார்.

எட்டே முக்காலுக்கு மெசேஜ் வந்தது. இறங்கியாயிற்று, பிள்ளைகள் தூங்குகிறார்கள், அங்கே நேரம் காலை ஐந்தேகால். ராக்கை யாராவது அளந்தார்களா என்று கேட்டேன். பூத்தில் இருந்த பெண் பின்பக்கம் ஒரு எட்டு எட்டிப் பார்த்தாராம், அவ்வளவுதான்.

வியாழக்கிழமை திரும்பினார்கள். கப்பல் நாற்பது நிமிடம் பிந்தியது, வேறொன்றும் இல்லை. ராத்திரி கொவென்ட்ரியிலிருந்து அக்கா கோல் எடுத்தபோது நான் கடையில் இருந்தேன். வீட்டுக்கு வந்து பார்த்தால் அம்மா கால்குலேட்டரோடு உட்கார்ந்திருந்தார். போக வர எல்லாம் சேர்த்து எத்தனை பேர் என்று கேட்டார். எண்பத்தொன்று என்றேன்.

"அடுத்த வருஷம் என்னையும் சேர்த்துப் போட்டுப் பாரு. எனக்கு வண்டி வேணாம், ஆள் டிக்கெட் போதும்" என்றார்.