பெயர் யார் பெயரில் இருக்கிறது?

பாளையங்கோட்டையில் வெப்சைட் செய்து கொடுக்கும் வேலை எனக்கு. கல்லிடைக்குறிச்சி அப்பளம், பத்தமடைப் பாய், வீரவநல்லூர்ச் சேலை, டவுனில் பாத்திரக்கடை என்று சுற்றுவட்டாரத்துக்காரர்கள்தான் வாடிக்கையாளர்கள். வருகிறவர்கள் எல்லோரும் வெப்சைட் முகவரிக்கு முதலில் கேட்பது டாட் காம் என்று முடியும் பெயர். நான் பெரும்பாலும் இந்தியாவின் குறியீடான டாட் இன் எடுக்கச் சொல்வேன்.

காரணம் எளிது. நல்ல சிறிய பெயர்களை டாட் காமில் யாரோ எப்போதோ எடுத்து வைத்துவிட்டார்கள். மிச்சம் கிடைப்பது நடுவில் கோடும் கடைசியில் எண்ணுமாக இருக்கும். டாட் இன்னில் அதே பெயர் பல சமயம் சுத்தமாகக் கிடைக்கிறது. சரக்கு போவது சென்னைக்கும் பெங்களூருக்கும் மும்பைக்கும்தான். நாட்டுக் குறியீடு உள்ள முகவரியை அந்த நாட்டு மக்களுக்கானது என்றே பெரும்பாலும் கூகுளும் எடுத்துக்கொள்கிறது. பிறகு ஏன் தயங்க வேண்டும்?

டாட் இன் 1989லேயே வந்துவிட்டது. ஆனால் கட்டுப்பாடுகள் அதிகம் என்பதால் 2004 வரை சில ஆயிரம் பெயர்கள்தான் பதிவாகியிருந்தன. 2005 தொடக்கத்தில், டாட் இன் பெயர்களை நிர்வகிக்கும் நிக்சி அமைப்பின் பொறுப்பில் விதிகளைத் தளர்த்திய பிறகுதான் சாதாரண கடைக்காரருக்கும் கதவு திறந்தது. இப்போது உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். ஆகவே முகவரியில் இன் என்று முடிந்தால் நடத்துகிறவர் இந்தியர், நம்பலாம் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. வங்கிகளுக்கென்று பேங்க் டாட் இன் என்ற தனிப் பிரிவைத் திறந்து, 2025 அக்டோபர் 31க்குள் அதற்கு மாறும்படி ரிசர்வ் வங்கி சொன்னதற்கும் இந்தக் கவலைதான் காரணம். அந்தப் பிரிவில் வங்கியல்லாத ஒருவர் பெயர் எடுக்க முடியாது. நல்ல காரியம். எங்கள் வாடிக்கையாளர்களிடம் இதை மறக்காமல் சொல்லி வைக்கிறேன்.

இப்போது படித்துவிட்டு வரும் பையன்கள் ஏஐ என்று முடியும் பெயர் கேட்கிறார்கள். அது அங்குவிலா என்ற கரீபியன் தீவின் குறியீடு. விதி அந்தத் தீவுடையது, குறைந்தது 2 ஆண்டுக்குச் சேர்த்துப் பணம் கட்ட வேண்டும். தெரிந்து எடுத்தால் சரி.

எழுத்துக்கூட்டல் இன்னொரு பாடு. பத்தமடையில் கோரைப்பாய் நெய்கிற ஓர் அக்காவுக்குப் பெயர் தேடினோம். ஊர்ப் பெயரை ஆங்கிலத்தில் ஆளுக்கொரு விதமாக எழுதுகிறார்கள். டி ஒன்றா இரண்டா, நடுவில் எச் உண்டா இல்லையா? அக்காவை விட்டே ஐந்தாறு உறவுக்காரர்களுக்கு போன் போட்டு, பெயரை வாயால் சொல்லி, கேட்டதை டைப் செய்து அனுப்பச் சொன்னோம். அதிகம் பேர் எழுதிய விதத்தை முதன்மையாக எடுத்து, அடுத்ததையும் பதிந்து அங்கிருந்து இங்கே திருப்பி விட்டாயிற்று. புவிசார் குறியீடு பெற்ற பாய். தேடி வருகிறவர் ஓர் எழுத்தால் வழிதவறிப் போகக் கூடாது.

இதையெல்லாம்விட எனக்கு முக்கியமாகப் படுவது, அந்தப் பெயர் யார் பெயரில் பதிந்திருக்கிறது என்பது. எங்கள் ஊரில் ஒரு சென்ட் இடம் வாங்கினாலும் பட்டா யார் பெயரில் என்று பார்க்காமல் யாரும் விடமாட்டார்கள். இதில் மட்டும் எல்லாவற்றையும் டிசைனர் கையில் விட்டுவிடுகிறார்கள்.

அப்பளம் போடும் அண்ணாச்சி ஒருவர் என்னிடம் வந்தது அப்படித்தான். முன்பு சைட் செய்து கொடுத்தவர் தன்னுடைய கணக்கில், தன்னுடைய மெயிலில் பெயரைப் பதிந்திருந்தார். அப்புறம் வேலை கிடைத்து வெளிநாடு போய்விட்டார். புதுப்பிக்கச் சொல்லி வந்த நினைவூட்டல்கள் எல்லாம் அவர் திறந்தே பார்க்காத மெயிலுக்குப் போயின. காலாவதி ஆனவுடன் பெயர் பறிபோகாது. பணம் வாங்கிக்கொண்டு பெயரைப் பதிந்து தரும் பதிவு நிறுவனம் கொஞ்ச நாள் பொறுக்கும். பிறகு கூடுதல் கட்டணத்தோடு மீட்க 30 நாள் உண்டு. அதற்கும் பிறகு 5 நாளில்தான் பொதுவில் வரும். ஆனால் அண்ணாச்சிக்குத் தெரிந்தபோது எல்லாமே கடந்திருந்தது. முகவரியைத் தட்டினால் சீட்டாட்ட விளம்பரம். அந்த முகவரி அப்பளக் கவர் ஒவ்வொன்றிலும் அச்சாகியிருந்தது.

“தம்பி, அது எங்க பேரு. அடுத்தவன் எப்படி எடுக்கலாம்?” என்றார். நியாயமான கேள்வி. டாட் இன் பெயர்த் தகராறுகளுக்கு ஐஎன்டிஆர்பி என்ற நடுவர் முறை இருக்கிறது. ஆனால் பெயரில் நமக்கு உரிமை இருப்பதையும், எடுத்தவருக்கு நியாயமான உரிமை இல்லை, கெட்ட எண்ணத்தோடு செய்தார் என்பதையும் காட்ட வேண்டும். அண்ணாச்சியிடம் டிரேட்மார்க் பதிவு இல்லை. கட்டணமும் அலைச்சலும் வேறு. யோசித்துவிட்டு வேறு பெயர் எடுத்தோம். அச்சடித்து வைத்திருந்த கவர்களில் பழைய முகவரியை மறைத்து, புது முகவரி ஸ்டிக்கரை அவர் வீட்டுப் பெண்கள் ஒவ்வொன்றாக ஒட்டினார்கள். அப்பளம் காய வைக்கிற வேலைக்கு நடுவில் அந்த வேலையும். கவரில் போன் நம்பரும் இருந்ததால் பழைய வாடிக்கையாளர்கள் தப்பினார்கள்.

அதிலிருந்து யார் வந்தாலும் முதல் வேலை, அவர்களை என் பக்கத்தில் உட்கார வைத்து, அவர்கள் மெயிலில், அவர்கள் போன் நம்பரில் கணக்குத் திறப்பது. டாட் இன்னில் வேறொருவர் பெயரைப் போட்டு உரிமையாளரை மறைக்கும் வசதிக்கு அனுமதி இல்லை, விவரம் உண்மையாக இருக்க வேண்டும். ஆகவே அடையாளச் சான்றும் கையோடு கொண்டு வரச் சொல்கிறேன். பாஸ்வேர்டை நான் வைத்துக்கொள்வதில்லை. எனக்கு வேண்டியது நேம்சர்வரை, அதாவது பெயரைத் தட்டினால் எங்கே போக வேண்டும் என்று வழிகாட்டும் கணினியை, மாற்றும் அனுமதி மட்டும்தான், அதையும் அவர்கள் கையாலேயே செய்யச் சொல்லிவிடலாம். முதல் ஆண்டுச் சலுகை விலையை நம்பாமல் இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தைக் கேட்டுக்கொள்ளச் சொல்கிறேன். முடிந்தவர்கள் 5 ஆண்டுக்குச் சேர்த்துக் கட்டிவிடுகிறார்கள். 10 ஆண்டு வரை கட்டலாம். இன்னொரு பதிவு நிறுவனத்துக்கு மாற்ற வேண்டுமென்றால் அதற்கான ரகசியக் குறியீட்டை எங்கே எடுப்பது என்பதையும் திரையில் காட்டிவிடுகிறேன். நாளைக்கே என்னை விட்டு வேறு ஆளிடம் போனாலும் பெயர் அவர்களோடு போக வேண்டும். இந்தத் தொழிலில் இருக்கிற தம்பிமார் எல்லோரும் இதைச் செய்ய வேண்டும் என்று மனதாரக் கேட்டுக்கொள்கிறேன்.

பத்தமடை அக்கா இப்போது தமிழிலேயே பெயர் வேண்டும் என்கிறார். புள்ளி இந்தியா என்று தமிழ் எழுத்திலேயே முடியும் முகவரி உண்டு. உள்ளே கணினி அதை எக்ஸ் என் என்று தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாகத்தான் வைத்துக்கொள்ளும், பார்க்கிறவருக்குத் தமிழாகத் தெரியும். எழுத்துக்கூட்டல் தொல்லையும் இல்லை. ஆனால் தமிழ் முகவரியில் மெயில் ஐடி வைத்தால் ஏற்காத படிவங்கள் இன்னும் நிறைய. அதனால் தமிழ்ப் பெயரையும் எடுப்போம், மெயில் மட்டும் டாட் இன்னிலேயே இருக்கட்டும் என்று சொல்லியிருக்கிறேன். அடுத்த வாரம் ஆதாரை எடுத்துக்கொண்டு வருவதாகச் சொன்னார்.