டேட்டாபேஸ் சும்மாதான் இருந்தது, தொங்கியது அப்ளிகேஷன்

ஸ்பிரிங் பூட்டில் (ஜாவா ஃப்ரேம்வொர்க்) ஓடும் எங்கள் ஆர்டர் அப்ளிகேஷன் லோடு ஏறினால் அப்படியே தொங்கிவிடும். லாகில் திரும்பத் திரும்ப ஒரே எரர்: ஹிகாரி பூலில் (டேட்டாபேஸ் கனெக்‌ஷன்களைத் திறந்துவைத்து, கேட்கும்போது கொடுத்து வாங்கும் லைப்ரரி) கனெக்‌ஷன் இல்லை, 30000 மில்லிசெகண்ட் காத்திருந்தும் கிடைக்கவில்லை. ரீஸ்டார்ட் செய்தால் சரியாகிவிடும், அதனாலேயே ரொம்ப நாள் யாரும் உள்ளே போய்ப் பார்க்கவில்லை.

வழக்கம்போல பழி டேட்டாபேஸ் மேல். எங்கள் டேட்டாபேஸான போஸ்ட்கிரெஸைப் பார்த்தால் மெதுவான குவெரி ஒன்றுகூட இல்லை, எங்கள் கனெக்‌ஷன்கள் எல்லாம் ‘ஐடில் இன் டிரான்சாக்‌ஷன்’ என்று நிற்கின்றன, அதாவது டிரான்சாக்‌ஷனை (ஒன்றாகவே முடிய வேண்டிய டேட்டாபேஸ் வேலைகளின் தொகுப்பு) திறந்துவிட்டு வேலையே கொடுக்காமல் பிடித்துவைத்திருக்கிறோம். ஹிகாரியின் இயல்பான பூல் அளவு 10. அதை 50 ஆக்கினோம், தொங்குவது கொஞ்சம் தள்ளிப்போனது, அவ்வளவுதான்.

உருப்படியான தடயம் கிடைத்தது ஜேஸ்டாக்கில்தான். ஜாவா அப்ளிகேஷனுக்குள் ஓடும் ஒவ்வொரு த்ரெட்டும் அந்த நொடியில் கோடின் எந்த வரியில் நிற்கிறது என்று டம்ப் எடுத்துக் காட்டும் டூல் அது. தொங்கிக்கொண்டிருக்கும்போதே, ரீஸ்டார்ட்டுக்கு முன்னால், சில செகண்ட் இடைவெளியில் இரண்டு மூன்று த்ரெட் டம்ப் எடுக்க வேண்டும். ஒரே வரியில் அசையாமல் நிற்கும் த்ரெட் எது என்று அப்போதுதான் தெரியும். கனெக்‌ஷன் வைத்திருந்த த்ரெட்கள் அத்தனையும் சாக்கெட் ரீடில், அதாவது நெட்வொர்க்கில் பதிலுக்காகக் காத்து நின்றன. ஸ்டாக்கில் கீழே இறங்கினால் பேமென்ட் சர்வீஸை அழைக்கும் மெத்தட், அதற்கும் கீழே டிரான்சாக்‌ஷனைத் திறந்து மூடும் ஸ்பிரிங்கின் டிரான்சாக்‌ஷன் இன்டர்செப்டர். அதாவது அழைப்பு டிரான்சாக்‌ஷனுக்கு உள்ளேயே நடக்கிறது. அந்த சர்வீஸ் பதில் தர இழுக்கும்போதெல்லாம் ஒரு கனெக்‌ஷன் எங்களிடம் சும்மா மாட்டிக்கொள்கிறது. அந்த அழைப்பை அனுப்பும் ரெஸ்ட் டெம்ப்ளேட்டுக்கு டைம்அவுட்டும் வைக்கவில்லை, நாமாக வைக்காவிட்டால் அது பாட்டுக்குக் காத்துக்கொண்டேதான் இருக்கும்.

டைம்அவுட் வைத்தது ஐந்து நிமிட வேலை. அந்த அழைப்பை டிரான்சாக்‌ஷனுக்கு வெளியே கொண்டுவந்ததுதான் படுத்தியது. டேட்டாபேஸ் வேலையை அதே கிளாஸில் இன்னொரு மெத்தடாகப் பிரித்து ‘அட் டிரான்சாக்‌ஷனல்’ (இந்த மெத்தட் டிரான்சாக்‌ஷனுக்குள் ஓடட்டும் என்ற குறி) போட்டால் அது வேலையே செய்யாது, ஏனென்றால் டிரான்சாக்‌ஷனைத் திறப்பது கிளாஸைச் சுற்றி ஸ்பிரிங் போடும் ப்ராக்ஸி என்ற உறை, ஒரே கிளாஸுக்குள் நடக்கும் அழைப்பு அந்த ப்ராக்ஸி வழியாகப் போகவில்லை. ஸ்பிரிங் நிர்வகிக்கும் தனி ஆப்ஜெக்டாக, அதாவது தனி பீனாகப் பிரிக்க வேண்டியிருந்தது. அப்புறமும் கனெக்‌ஷன் திரும்பவில்லை! காரணம் ‘ஓபன் இன் வியூ’. ஸ்பிரிங் பூட் இதை இயல்பாகவே ட்ரூ என்று வைத்திருக்கிறது, ரிக்வெஸ்ட் முடியும்வரை டேட்டாபேஸோடு பேசும் செஷனும் அதோடு கனெக்‌ஷனும் கையிலேயே இருக்கும். (ஸ்டார்ட்டப் லாகில் இதைப் பற்றி ஒரு எச்சரிக்கை வரும், யார் படிக்கிறார்கள்?) ஃபால்ஸ் ஆக்கியதும் அங்கங்கே, செஷன் மூடிய பிறகு இன்னும் எடுக்காத டேட்டாவைத் தொட்டதால், லேசி இனிஷியலைசேஷன் எக்ஸெப்ஷன் வெடித்தது, அந்தக் குவெரிகளுக்கெல்லாம் தேவையான டேட்டாவை முதலிலேயே சேர்த்து எடுக்கும் ஜாயின் ஃபெட்ச் போட்டு முடித்தோம்.

பூல் இப்போது மறுபடியும் 10தான், அதே லோடு ஓடுகிறது. ஹிகாரியின் லீக் டிடெக்‌ஷனையும் 20 செகண்டுக்கு வைத்திருக்கிறோம், அதற்கு மேல் கனெக்‌ஷனை யார் பிடித்துவைத்தாலும் ஸ்டாக் ட்ரேஸோடு லாகில் வந்துவிடும். முதலில் மாட்டியது ரிப்போர்ட் எக்ஸ்போர்ட், அதை இனிமேல்தான் பிரிக்க வேண்டும்.