சறுக்கிக்கொண்டே போன செஸ்னா

கணினியில் விமானம் ஓட்டிப் பார்க்க உதவும் ஃப்ளைட்கியர் சிமுலேட்டரில் நான் ஓட்டும் செஸ்னா 172பி விமானத்தை நிஜ விமானத்துக்கு நெருக்கமாகக் கொண்டுவருகிறேன் என்று சொல்லிக்கொண்டு, முதல் இரண்டு மாதங்களை வண்ணப்பூச்சிலும் காக்பிட் கண்ணாடியில் வழியும் மழைத்துளிகளிலும் செலவழித்தேன். இணையத்தில் யாரோ திருத்திப் பகிர்ந்திருந்த விமான மாதிரி அது. ஒரு மாலையில் 5,000 அடி உயரத்தில் எஞ்சினை அணைத்துப் பார்த்தபோது, இறங்க மனமில்லாததுபோல் அது மிதந்துகொண்டே போனது.

எஞ்சின் நின்றுபோன நிலையில், இறக்கையின் பின்விளிம்பிலுள்ள மடல்களான ஃபிளாப்புகளை மேலே ஏற்றிவிட்டு, 65 நாட் (மணிக்கு 65 கடல் மைல்) வேகத்தில் காற்றில்லாத வானில் இறங்கினால், ஒவ்வொரு 1,000 அடி உயர இழப்புக்கும் சுமார் ஒன்றரைக் கடல் மைல் தூரம் கடக்கலாம் என்பது இவ்வகை விமானத்துக்கான கையேட்டின் கணக்கு. அப்படியானால் 5,000 அடியிலிருந்து 3,000 அடிக்கு வருவதற்குள் மூன்று கடல் மைல் கடந்திருக்க வேண்டும். என் விமானமோ நான்கையும் தாண்டிவிட்டது.

காற்று விமானத்தை எவ்வளவு பின்னுக்கு இழுக்கிறது என்பதைக் குறிக்கும் எண்ணான இழுவிசைக் கெழுவைக் கூட்டிவிட்டால் சரியாகிவிடும் என்று நினைத்தேன். சறுக்கும் தூரம் சரியானது; ஆனால் 8,000 அடியில் 75 சதவீதத் திறனில் 120 நாட் போகவேண்டிய விமானம் அந்த வேகத்தை எட்டவே இல்லை. எஞ்சின் ஓடும்போது இல்லாமல், அது நின்றபின் மட்டும் தலைகாட்டும் ஓர் இழுவிசை தேவைப்பட்டது. அது புரொப்பெல்லரைத் தவிர வேறெங்கே இருக்க முடியும்?

இந்த விமானத்தின் இயக்கத்தைக் கணக்கிடும் ஜேஎஸ்பிசிம் என்ற மென்பொருள், புரொப்பெல்லரின் உந்துவிசையை எக்ஸ்எம்எல் கோப்பிலுள்ள ஓர் அட்டவணையிலிருந்து எடுக்கிறது. விமானத்தின் வேகத்தை, புரொப்பெல்லர் ஒரு நொடியில் சுற்றும் சுற்றுகளின் எண்ணிக்கையையும் அதன் விட்டத்தையும் பெருக்கிய தொகையால் வகுத்தால் கிடைக்கும் விகிதம்தான் அட்டவணையின் இடப்பக்க வரிசை. அதற்கு எதிரே உந்துவிசைக் கெழு. செஸ்னாவின் 75 அங்குல புரொப்பெல்லர் நிமிடத்துக்கு 2,400 சுற்றில் 110 நாட் வேகத்தில் போகும்போது இந்த விகிதம் முக்காலை ஒட்டியிருக்கும். எஞ்சின் நின்று, காற்று மட்டுமே அதைச் சுழற்றும்போது விகிதம் ஒன்றைத் தாண்டிவிடுகிறது; அப்போது உந்துவிசை எதிர்மறையாகி, புரொப்பெல்லர் விமானத்தைப் பின்னுக்கு இழுக்கத் தொடங்கும். என் கோப்பின் அட்டவணையோ உந்துவிசை சுழியாகும் வரியிலேயே முடிந்திருந்தது. அட்டவணை முடிந்த இடத்துக்கு அப்பால் ஜேஎஸ்பிசிம் கடைசி மதிப்பையே பிடித்துக்கொள்ளும் என்பதால், நின்றுபோன எஞ்சினுக்கு முன்னால் எந்த இழுவிசையும் இல்லாத மாயப் புரொப்பெல்லர் ஒன்று சுழன்றுகொண்டிருந்தது.

எதிர்மறை மதிப்புகளோடு நான்கு வரிகளைச் சேர்த்தேன். புரொப்பெல்லரைச் சுழற்றத் தேவையான திறனைக் குறிக்கும் திறன் கெழுவின் அட்டவணையையும் அதே போல் நீட்டினேன்; இல்லாவிட்டால் எஞ்சினின் உராய்வை வென்று புரொப்பெல்லரைச் சுழற்றும் விசை கணக்கில் வராது. இழுவிசைக் கெழுவைப் பழைய எண்ணுக்கே திருப்பிவிட்டு, ஒவ்வொரு முறையும் ஒரே எடையில், ஒரே உயரத்திலிருந்து பதினோரு முறை இறக்கிப் பார்த்தபின், 2,000 அடிக்கு மூன்று கடல் மைல் என்ற கணக்கு வந்தது; மேலே பறக்கும் வேகமும் குறையவில்லை.

அதே சூட்டில் வேகமாகச் சுழலும் சக்கரத்தைக் கொண்டு திசைகாட்டும் கருவியான கைரோவையும் தொட்டேன். பூமியின் சுழற்சியால் மட்டுமே அது சான்பிரான்சிஸ்கோவின் அட்சரேகையில் மணிக்கு ஒன்பது பாகை விலக வேண்டும். என்னுடையது கல்லாய் நின்றிருந்தது. அதைச் சரிசெய்தபின் கால்மணிக்கொரு முறை காந்தத் திசைகாட்டியைப் பார்த்துத் திருத்த வேண்டியிருக்கிறது, தொல்லைதான், ஆனால் அந்தத் தொல்லைக்காகத்தானே இவ்வளவும்.

மாற்றியபின் எஞ்சினை அணைத்து இறங்கிய முதல் இரண்டு முறையும் ஓடுபாதைக்கு முன்பே புல்லில் விழுந்தேன், ஏனென்றால் பழைய விமானம் கொடுத்துவந்த தூரத்தை நம்பியே கை இன்னும் திருப்பத்தைத் தொடங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் முறை ஒரு கடல் மைல் முன்னதாகவே திரும்பி, ஃபிளாப்பைக் கடைசிவரை தொடாமல் வைத்திருந்து, ஓடுபாதையின் தொடக்கக் கோடுகளின் மேல் சக்கரத்தை வைத்தேன்.