மைனரின் ஹாஃப் ஷாஃப்ட் முறிந்தால்: உள்ளே சிக்கும் துண்டுதான் வேலை

இஞ்சின் ஓடுகிறது, கியர் விழுகிறது, கிளச்சை விட்டால் ஸ்பீடோமீற்றர் முள்ளும் எழும்புகிறது. கார் மட்டும் அசையவில்லை. மொறிஸ் மைனரில் இப்படி நடந்தால் கிளச் போய்விட்டது என்று கியர்பொக்ஸை இறக்கத் தொடங்க வேண்டாம். ஸ்பீடோமீற்றர் கேபிள் கியர்பொக்ஸின் பின்பக்கத்தில் இருந்துதான் வருகிறது. முள் எழும்பினால் அதுவரைக்கும் எல்லாம் சரி. சில்லுகளுக்குக் கல் வைத்துவிட்டு, பக்கவாட்டில் எட்ட நின்று பாருங்கள். கியர்பொக்ஸில் இருந்து பின் அக்சிலுக்குப் போகும் புரொப்பெலர் ஷாஃப்டும் சுற்றுகிறதென்றால், பெரும்பாலும் முறிந்தது ஹாஃப் ஷாஃப்ட், அதாவது அக்சிலின் நடுவில் இருந்து பின்சில்லுகளைச் சுற்றும் இரண்டு தண்டுகளில் ஒன்று.

இங்கே சொல்லும் வேலை 1959ஆம் ஆண்டு மைனர் 1000, 948 சிசி கார் ஒன்றில் செய்தது. திருகோணமலை பிரெட்ரிக் கோட்டைக்குள்ளே கோணேசர் கோயிலுக்கு ஏறும் சாய்வில், ஆள் நிரம்ப நிறுத்தி எடுக்கும்போது 'டக்' என்று போனது. ஒரு பக்கம் முறிந்தாலும் மறுபக்கம் இழுக்காது. இரண்டு பின்சில்லுக்கும் சுழற்சியைப் பிரித்துக் கொடுக்கும் டிஃபரன்சல், தன் சுழற்சியையெல்லாம் தடையில்லாத முறிந்த பக்கத்துக்கே கொடுத்துவிடும். இன்னொன்றையும் மறக்கக் கூடாது: கியரில் போட்டு வைத்தாலும் இனிக் கார் நிற்காது. ஹான்ட் பிறேக்கும் கல்லும்தான் துணை. சில்லு கழன்று ஓடுமோ என்ற பயம் தேவையில்லை. மைனரில் சில்லின் பாரத்தைத் தாங்குவது அக்சில் குழாயின்மேல் உள்ள ஹப் பெயரிங். அதனால் கட்டி இழுத்துக்கொண்டு பட்டினத்துக்குள் வரலாம். நிலாவெளி, கந்தளாய் மாதிரித் தூரத்தில் நின்றால் லொறியில் ஏற்றுவதே மேல்.

எந்தப் பக்கம் முறிந்தது? ஒரு சில்லை ஜக்கில் உயர்த்தி, கியரில் போட்டுக் கையால் சுற்றினால், சுற்றுகிற பக்கம்தான் முறிந்த பக்கம் என்பார்கள். அது பிழை. மறுபக்கம் முறிந்திருந்தாலும் இந்தச் சில்லு சுற்றும், ஏனென்றால் மறுபக்கத்து டிஃபரன்சல் பல்லைப் பிடித்து நிறுத்த ஒன்றுமில்லை. அதைவிட இரண்டு பக்கத்தையும் கழற்றிப் பார்ப்பது சுகம். எப்படியும் இரண்டையும் பார்க்கத்தான் வேண்டும்.

சில்லைக் கழற்றி, ஹான்ட் பிறேக்கை விட்டு, பிறேக் அட்ஜஸ்டரைத் தளர்த்துங்கள். பிறேக் டிரம்மை இரண்டு ஸ்குறூ பிடித்திருக்கும். டிரம் வந்ததும் ஷாஃப்டின் தட்டையான முகத்தை ஒரு ஸ்குறூ பிடித்திருக்கும். அவ்வளவுதான். ஆனால் திருகோணமலை உப்புக்காற்றில் அந்த மூன்று ஸ்குறூவும் இறுகிப்போய்க் கிடக்கும். சாதாரண ஸ்குறூ டிரைவரால் தலையைத் தேய்த்துவிட்டால் பிறகு டிரில்தான். முதல் நாள் இரவே துரு இளக்கும் ஒயில் விட்டு, மறுநாள் சுத்தியலால் அடித்துத் திருப்பும் இம்பக்ட் டிரைவரைப் பாவியுங்கள். ஹப்பின் பெரிய எண்கோண நட்டைத் தொடத் தேவையில்லை.

முறிந்த ஷாஃப்ட் தன்பாட்டில் வெளியே வரும். மிச்சத் துண்டு ஸ்பிளைனோடு (முனையில் நீளவாக்கில் வெட்டிய பற்கள்) டிஃபரன்சலுக்குள் நிற்கும். மறுபக்கத்தால் கம்பி விட்டுத் தட்டலாம் என்று நினைத்தால், நடுவில் குறுக்கே கிடக்கும் 'பினியன் பின்' என்ற தண்டு வழியை மறிக்கும். கம்பி முனையில் கட்டிய பலமான சின்னக் காந்தத்தால் இழுத்துப் பார்க்கலாம். வெறுங் காந்தத்தை விட்டால் அது அக்சில் குழாயின் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். முதலில் அளவான பிவிசி குழாயொன்றை உள்ளே விட்டு, அதற்குள்ளால் காந்தத்தைத் தள்ளுங்கள். வெல்டிங் கம்பியை விட்டுத் துண்டில் ஒட்டி இழுப்பவர்களும் உண்டு. கரண்ட் டிஃபரன்சல் பெயரிங் வழியே போனால் அதில் புள்ளி விழுந்து பிறகு ஊளையிடும்.

இந்தக் காரில் காந்தம் சரிவரவில்லை. ஸ்பிளைன் பற்கள் திருகி இறுகியிருந்தன. ஒயிலை வடித்து, இரண்டு ஷாஃப்டையும் இழுத்து, புரொப்பெலர் ஷாஃப்டின் பின்பக்க நாலு போல்டையும் அடையாளம் போட்டுக் கழற்றி, சுற்றியுள்ள எட்டு நட்டையும் எடுத்தால் டிஃபரன்சல் முன்பக்கமாக வெளியே வரும். நேரம் போகும், ஆனால் உள்ளே சிதறிய உருக்குத் தூளையும் கழுவலாம். காந்தத்தோடு தப்பினாலும் ஒயிலை மாற்றாமல் விடக் கூடாது.

முறிந்த முகத்தை எறியாமல் வெளிச்சத்தில் பாருங்கள். இதில் ஓரத்தில் ஒரு பகுதி பழுப்பேறி, சிப்பி ஓட்டில் உள்ளது மாதிரி வரி வரியாக இருந்தது. மிச்சம் புதிதாக, பளபளவென்று சொரசொரப்பாக. அதாவது ஸ்பிளைன் அடியில் வெடிப்பு எப்போதோ தொடங்கி மெல்ல ஊர்ந்திருக்கிறது. ஏற்றம் கடைசி அடியை மட்டும் கொடுத்தது. முகம் முழுவதும் புதிதாக இருந்தால் ஒரே அடியில் போனது என்று அர்த்தம். உப்புவெளிப் பக்கம் மணலில் சில்லு வெறுமனே சுற்றி, திடீரென்று தாரில் பிடித்தால் அப்படி நடக்கும். இந்த அக்சில் குடும்பம் 803 சிசி இஞ்சின் காலத்தது. யப்பான் இஞ்சின் மாற்றிய மைனர்களில் ஷாஃப்ட் அடிக்கடி போவதில் ஆச்சரியமில்லை.

முறிந்ததை லேத்தில் கொடுத்து வெல்ட் பண்ணிப் பூட்ட வேண்டாம். இது சூடேற்றிப் பதப்படுத்திய அலோய் உருக்கு. வெல்ட் பட்ட இடத்தில் பதம் போய், அதன் ஓரத்திலேயே மறுபடி முறியும். கொழும்பு பஞ்சிகாவத்தையில் பழைய ஷாஃப்ட் தேடுபவர்கள் முறிந்த இரண்டு துண்டையும் கொண்டு போங்கள். ஸ்பிளைன் எண்ணிக்கையும் முழு நீளமும் ஒத்துப்போக வேண்டும். ஸ்பிளைன் பற்கள் நேர்கோட்டில் இருக்கிறதா என்று கண்ணுக்கு நேரே பிடித்துப் பாருங்கள். திருகியிருந்தால் அது பாதி செத்தது. எந்தப் பக்கத்தில் ஓடியது என்று தெரிந்தால் அந்தப் பக்கத்துக்கே போடுவது நல்லது. ஒரு திசையில் முறுக்கிப் பழகிய உருக்கை எதிர்த்திசையில் முறுக்கினால் ஆயுள் குறையும். புதிதாகச் செய்விப்பதானால் இஎன்24 என்ற அலோய் உருக்குக் கம்பி.

பூட்டும்போது புது ஓ-ரிங், புது மெல்லிய கடதாசி கஸ்கெட். அதற்குப் பதிலாகத் தடித்த மட்டையை வெட்டிப் போட்டால் ஷாஃப்ட் முகம் பெயரிங்கை இறுக்காது. ஹப் ஆடும், ஷாஃப்ட் வளைந்து வளைந்து மறுபடி வெடிக்கும். ஓ-ரிங் பழையதென்றால் ஒயில் பிறேக் சூவுக்கு வரும். அக்சிலுக்கு ஹைப்பொய்ட் ஈபி90 ஒயில், ஏறக்குறைய 850 மில்லிலீற்றர். கார் சமமாக நிற்க, நிரப்பும் துளை வாய்வரை.

புரொப்பெலர் ஷாஃப்டின் யுனிவர்சல் ஜொயின்டுகளையும் இந்தச் சாட்டோடு கையால் முறுக்கிப் பாருங்கள். துளி ஆட்டம் இருந்தாலும் மாற்ற வேண்டும், அந்த ஆட்டம்தான் ஒவ்வொரு முறை கிளச் விடும்போதும் ஹாஃப் ஷாஃப்டைச் சுத்தியலாக அடிக்கிறது. புரொப்பெலர் ஷாஃப்டின் முன்முனையைக் கியர்பொக்ஸில் இருந்து உருவினால் ஒயில் கொட்டும், காரின் பின்பக்கத்தை உயர்த்தி வைத்துவிட்டு உருவுங்கள்.