வாரியலைப் பிடித்த கை

கனடாவின் எட்மண்டனுக்கு வந்த மூன்றாவது குளிர்காலத்தில் மகள் ஹாக்கி விளையாட வேண்டும் என்றாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. கடலை மிட்டாய், தீப்பெட்டி, அப்புறம் ஹாக்கி, இந்த மூன்றும்தான் கோவில்பட்டிக்காரர்கள் வெளியூரில் சொல்லிக்கொள்ளும் சொத்து. நானும் பள்ளிக்கூட அணியில் இரண்டு வருடம் ஆடியவன். புழுதியில் ஆடினால் என்ன, பனியில் ஆடினால் என்ன, மட்டை மட்டைதானே என்று நினைத்துக்கொண்டு பழைய விளையாட்டுச் சாமான் விற்கும் கடைக்குப் போனேன்.

கடைப்பையன் கேட்ட முதல் கேள்வி, "இடதா, வலதா?" எங்கள் ஊர் ஹாக்கியில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. இடக்கை மட்டை என்று ஒன்று அதில் கிடையாது. இடக்கைக்காரனும் வலக்கை மட்டையைத்தான் பிடித்துப் பழக வேண்டும். மகள் வலது கையால் எழுதுகிறவள், வலது கையால் சாப்பிடுகிறவள். யோசிக்காமல் வலது என்றேன்.

வீட்டுக்கு வந்து நிறுத்திப் பார்த்தால் மட்டை அவள் தலைக்கு மேலே நின்றது. இதைக் குறைக்க வேண்டும் என்பது மட்டும் புரிந்தது. எவ்வளவு குறைப்பது? ஊரில் மட்டை இடுப்பளவுதான் இருக்கும், குனிந்துதான் ஆடுவோம். கொஞ்சம் தாராளமாக விட்டு நெஞ்சு உயரத்துக்கு அறுத்தேன். அறுத்த பிறகு திருப்பிக் கொடுக்கவும் முடியாது.

பக்கத்து வீட்டில் எழுபது தாண்டிய ஒரு பெரியவர் இருக்கிறார். தாத்தா காலத்திலேயே உக்ரைனிலிருந்து வந்து குடியேறிய குடும்பம். மகள் வாசலில் கூன் போட்டுக்கொண்டு நீல நிற பக்கைத் தட்டுவதைச் சன்னல் வழியாகப் பார்த்திருக்கிறார் (பக் என்பது பந்துக்குப் பதிலாக இங்கே அடிக்கிற தட்டையான ரப்பர் வட்டு; சிறு பிள்ளைகளுக்கான பக் அது, 4 அவுன்ஸ், பெரியவர்களுடைய கறுப்பு பக் 6). வெளியே வந்தவர் ஒன்றும் சொல்லாமல் தன் கராஜிலிருந்து நீளமான வாரியல் ஒன்றை எடுத்து அவள் கையில் கொடுத்து, வாசல் பனியைக் கூட்டச் சொன்னார். கூட்டினாள். வலது கை மேலே, இடது கை கீழே.

"இவள் இடது" என்றார்.

எனக்கு விளங்க ஒரு வாரம் ஆனது. பனி ஹாக்கியில் பக்கை எட்டிப் பிடிக்க, தட்டிப் பறிக்க, பல நேரம் ஒற்றைக் கையால்தான் மட்டையை ஆள வேண்டியிருக்கிறது. அந்தக் கை மேல் கை. அதனால் வலக்கைக்காரர்களில் பலர் பலமான கையை மேலே வைக்கிறார்கள். மட்டையின் வளைந்த நாக்கு இடது பக்கம் போய்விடுகிறது. கனடாவில் இடதுபக்க ஆட்டக்காரர்கள்தான் அதிகம். இந்த ஊரே சாமி மாதிரி கும்பிடும் வெய்ன் கிரெட்ஸ்கி இடது, இப்போதைய கானர் மெக்டேவிட் இடது. கிரிக்கெட்டிலோ நம் வலக்கை ஆட்டக்காரர் இடது கையைத்தான் மேலே வைக்கிறார். இரண்டையும் ஒரே தராசில் வைத்தது என் தப்பு.

இரண்டாவது மட்டையைப் பெரியவரே உடன் வந்து தேர்ந்தெடுத்தார். அதன் தண்டில் 30 என்று எழுதியிருந்தது. விலையோ என்று நினைத்தேன். அது வளைவுக் கணக்கு: தண்டை ஓர் அங்குலம் வளைக்க எத்தனை பவுண்டு விசை வேண்டும் என்பது. பெரியவர்கள் மட்டையில் 85 சாதாரணமாகப் பார்க்கலாம். அடிக்கும்போது தண்டு வளைந்து நிமிர்கிற வேகத்தில்தான் பக் பறக்கிறது, புளியவிளார் சுளீர் என்று நிமிர்கிற மாதிரி. உடல் எடையில் பாதி என்பது பொதுவான கணக்கு. மகள் 55 பவுண்டு, சரியாகத்தான் வந்தது. ஆனால் தண்டை அறுக்க அறுக்க அது விறைத்துக்கொண்டே போகும். நான் நெஞ்சளவுக்கு அறுத்த மட்டை அவள் கையில் உலக்கைதான். எவ்வளவு முக்கினாலும் வளையாது.

இந்த முறை அவர் கராஜில், முறைப்படி. சறுக்குக் காலணி போட்டு நின்றால் தாடை, வெறுங்காலோடு நின்றால் மூக்கு. அந்த உயரத்தில் தண்டைச் சுற்றி டேப் ஒட்டி, அதன் மேல் கோடு போட்டு, ஆக்ஸா பிளேடால் அறுத்தார். டேப் இல்லாமல் அறுத்தால் விளிம்பு சிம்பு சிம்பாகப் பிரியுமாம். இப்போதைய மட்டைகள் மரமில்லை, கார்பன் நார், உள்ளே கூடு. அதன் தூள் கறுப்பு மாவு மாதிரி பறந்தது. இருவரும் முகமூடி போட்டிருந்தும் மணிக்கட்டில் எனக்கு இரண்டு நாள் அரிப்பு.

அன்றிரவு அப்பாவிடம் போனில் சொன்னேன். "மட்டையப் போயி அறுக்கியாலே?" என்றார். அவர் ஆடிய காலத்தில் மட்டை உடைந்தால் ஆணி அடித்து, துணி சுற்றி, அடுத்த வருடமும் ஆடுவார்கள். அவரிடம் வளைவுக் கணக்கைப் பற்றி நான் பேசவில்லை.

எனக்குப் பிடித்த வேலை டேப் சுற்றுவது. நாக்கின் அடியில், தண்டோடு சேரும் குதிகால் பக்கத்தில் தொடங்கி நுனிவரை, ஒவ்வொரு சுற்றும் முந்தையதில் பாதியை மூட வேண்டும். பிறகு பக்கின் விளிம்பால் அழுத்தித் தேய்த்தால் சுருக்கமெல்லாம் படிந்துவிடும். கைப்பிடிக்கு இன்னொரு வித்தை. துணி டேப்பை ஒரு கை நீளம் இழுத்து, முறுக்கிக் கயிறாக்கி, தண்டின்மேல் கொடி மாதிரி இறக்கி, அதை மூடி மேலே சாதாரணமாகச் சுற்றினால் விரலுக்குப் படி கிடைக்கும். உச்சியில் எலுமிச்சங்காய் அளவு ஒரு முடிச்சு. மட்டை பனியில் விழுந்தால் கையுறையோடு எடுக்க அதுதான் உதவும். கைப்பிடிக்கு வெள்ளை டேப்தான், கறுப்பு டேப் என்றால் கையுறையைக் கறையாக்கி அரித்துவிடும்.

கடைசியாக நாக்கில் மெழுகு. பனித்தூள் ஒட்டாமல் இருக்க. அந்த மெழுகைத் தேய்த்தபோது கராஜ் முழுக்க எங்கள் தெரு மணத்தது. தீக்குச்சிகளை மருந்தில் முக்குவதற்கு முன்னால் மெழுகில் முக்குவார்கள், அந்த மணம். அம்மா பல வருடம் குச்சி அடுக்கியவள். பெரியவரிடம் சொன்னேன். ஒரு வத்திக்குச்சியைக் கிழித்து முகர்ந்து பார்த்துவிட்டுத் தலையை ஆட்டினார்.

கையுறைக் கதை வேறு. விரல் தொடங்கும் இடத்திலிருந்து முழங்கை மடிப்புவரை அளந்தால் எத்தனை அங்குலமோ அதுதான் அளவு, அவளுக்கு 10. புதுக் கையுறை கட்டைக் கையாக இருந்தது, மட்டை நழுவிக்கொண்டே போனது. டிவி பார்க்கும்போதெல்லாம் போட்டுக்கொண்டு டென்னிஸ் பந்தைப் பிசையச் சொன்னார் பெரியவர். மூன்று வாரம் பிசைந்தாள். சாப்பிடும்போது மட்டும் கழற்றினாள், அதுவும் என் மனைவி கத்திய பிறகு. பிடி கைக்குப் படிந்து வந்த நேரத்தில் ஊரிலிருந்து அம்மா வந்து சேர்ந்தாள். ஆட்டம் முடிந்து வந்த கையுறையின் வீச்சம் பொறுக்காமல், தரையில் ஹீட்டர் காற்று வரும் துவாரத்தின்மேல் வடகம் காயப்போடுவதுபோலப் பரப்பிவைத்துவிட்டாள். காலையில் உள்ளங்கை அப்பளமாகியிருந்தது. மடக்கியபோது கட்டைவிரல் பக்கம் வெடித்தது.

"அந்த இடத்தை அப்படியே வெட்டி எடுத்திரலாமே அப்பா, மட்டை கைக்கு நல்லா தெரியுமே" என்றாள் மகள். யோசனை மோசமில்லை, உள்ளங்கை மெலிந்த கையுறையைத்தான் பழைய ஆட்டக்காரர்கள் விரும்புவார்கள். ஆனால் வெறுங்கை தெரிய வெட்டுவது விதிப்படி கூடாது. காலணி பழுது பார்க்கும் கடை ஒன்றில் உள்ளங்கையை மட்டும் புதிதாகத் தைத்து வாங்கினோம். மறுபடி டென்னிஸ் பந்து. இந்த முறை பாட்டியும் ஒரு கையுறையைப் போட்டுக்கொண்டு பிசைந்தாள், பிராயச்சித்தமாக.

நான் அறுத்துக் கெடுத்த முதல் மட்டை மட்டும் மூலையிலேயே கிடந்தது. பெரியவர் வீட்டுப் பின்கதவு, சறுக்கித் திறக்கிற கண்ணாடிக் கதவு. அதன் கீழ்த்தடத்தில் நாக்கில்லாத பழைய மட்டை ஒன்று கிடப்பதை முன்பே பார்த்து, ஏதோ திருஷ்டிக்குப் போட்டிருக்கிறார்கள் என்று நினைத்திருந்தேன். வெளியிலிருந்து கதவைத் தள்ளித் திறக்காமல் இருக்கத் தடுப்பாம். எங்கள் கதவுக்கும் அளந்து பார்த்தேன். நாக்கை எடுத்தபின் இரண்டு அங்குலம்தான் அதிகம். மறுபடியும் ஆக்ஸா பிளேடு, முகமூடி. இப்போது தினமும் படுக்கப் போகுமுன் அம்மாதான் அதைத் தடத்தில் வைக்கிறாள்.