ஆளில்லாத இடத்துக்கு ஓர் அலாரம்

வீட்டிலிருந்து நேர்கோட்டில் பார்த்தால் இரண்டு கிலோமீட்டர் தள்ளி எங்கள் நிலம். அங்கே ஒரு கொட்டகை. உள்ளே டீசல் என்ஜின், கருவிகள், கேபிள் சுருள்கள். பாதையின் முகப்பில் ஓர் இரும்பு கேட். மின் இணைப்பு இல்லை. மொபைலில் சிக்னல் ஒரு கோடு காட்டும், நம்பிப் பேசினால் பாதியில் அறுந்துவிடும். இரவில் அங்கே யாரும் தங்குவதில்லை. யாராவது கேட்டைத் திறந்தாலோ கொட்டகைக் கதவில் கை வைத்தாலோ வீட்டில் இருக்கும் எனக்குத் தெரிய வேண்டும். தேவை இவ்வளவுதான்.

வயர்லெஸ் அலாரங்களின் அட்டைப்பெட்டியில் போட்டிருக்கும் தூரத்தை நான் கணக்கிலேயே எடுக்கவில்லை. அது திறந்த வெளியில், நடுவே எந்த மறைப்பும் இல்லாமல் அளந்த தூரம். மரமும் மேடும் சுவரும் வந்தால் அதில் ஒரு பங்குதான் தேறும். வைஃபை இதற்குச் சரிப்படாது, 2.4 கிகாஹெர்ட்ஸ் அலையை இலைதழை விழுங்கிவிடும், பேட்டரியையும் சீக்கிரம் தீர்த்துவிடும். சிம் கார்டு போட்ட அலாரம்தான் பலருக்கும் சுலபமான வழி. சிக்னல் ஒழுங்காகக் கிடைக்கும் இடமாக இருந்தால் நானும் அதை வாங்கி மாட்டிவிட்டுப் போயிருப்பேன்.

மிச்சம் இருந்தது குறைந்த அலைவரிசை ரேடியோ. அமெரிக்காவில் மர்ஸ் என்றொரு அலைவரிசைப் பட்டை உண்டு. 151 முதல் 155 மெகாஹெர்ட்ஸுக்குள் ஐந்து சேனல்கள், 2 வாட் வரை உரிமம் தேவையில்லை. சென்சாரில் ஆள் பட்டதும் வாக்கி டாக்கியில் குரலாகவே அறிவிக்கும் கருவிகள் அதில் கிடைக்கின்றன. கேட்க அருமையாக இருக்கும், ஆனால் அந்த அனுமதி எல்லா நாட்டிலும் கிடையாது. நான் எடுத்தது லோரா. பிரான்சில் சைக்லியோ என்ற சிறு நிறுவனத்தில் பிறந்து, 2012-இல் செம்டெக் என்ற அமெரிக்க சிப் நிறுவனத்தின் கைக்குப் போன ரேடியோ நுட்பம் இது. வேகம் மிகக் குறைவு, ஆனால் இரைச்சலுக்கும் அடியில் புதைந்து கிடக்கும் சிக்னலைத் தேடிப் படித்துவிடும். அலாரத்துக்கு நீளமாகப் பேச என்ன இருக்கிறது? எந்த சென்சார், என்ன ஆயிற்று, பேட்டரி எவ்வளவு. இருபது பைட்டுக்குள் முடிந்துவிடும். ஐரோப்பாவில் 868 மெகாஹெர்ட்ஸ், வட அமெரிக்காவில் 902 முதல் 928, இந்தியாவில் 865 முதல் 868 என்று நாட்டுக்கு நாடு பட்டை மாறும். அதைப் பார்த்துத்தான் மாட்யூல் வாங்க வேண்டும்.

சென்சார் எதையும் வாங்குவதற்கு முன் ரேடியோ பாதையைச் சோதித்தோம். இந்த வேலையில் பாதிக்கும் மேல் இதுதான் என்று இப்போதும் சொல்வேன். லோரா ரேடியோ பொருத்திய இரண்டு சோதனை போர்டுகள். ஒன்று வீட்டு மாடியில் ரிசீவராக, வருவதையெல்லாம் பதிவு செய்துகொண்டிருந்தது. இன்னொன்று தம்பி கையில். பத்து நொடிக்கு ஒருமுறை ஒரு வரிசை எண்ணை அனுப்பும், திரையிலும் அந்த எண்ணைக் காட்டும். அவன் நிலம் முழுக்க நடந்து, எந்த இடத்தில் நிற்கிறானோ அந்த இடத்தையும் எண்ணையும் நோட்டில் குறித்துக்கொண்டான். ‘கேட் – 41 முதல் 55’, ‘கொட்டகை வாசல், தரையில் – 56 முதல் 70’, ‘அதே இடம், கழியில் கட்டி – 71 முதல் 85’. சாயங்காலம் வீட்டுப் பதிவோடு ஒப்பிட்டால் எந்த எண் வந்தது, எது காணாமல் போனது, எவ்வளவு பலத்தோடு வந்தது என்று எல்லாம் தெரிந்துவிட்டது.

“கேட் பக்கம் போனே எடுக்கல, இது மட்டும் எப்படி அண்ணா வந்துச்சு?” என்றான் தம்பி.

காகிதக் கணக்கு இப்படி: 868 மெகாஹெர்ட்ஸில் இரண்டு கிலோமீட்டருக்கு வெறும் வெளியில் ஏற்படும் இழப்பு சுமார் 97 டெசிபெல். 25 மில்லிவாட், அதாவது 14 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்டுச் சொல்லும் டெசிபெல் அளவு) பலத்தில் அனுப்பினால் மறுமுனைக்கு மைனஸ் 83 டிபிஎம் வந்து சேர வேண்டும். லோரா ரிசீவர் மைனஸ் 130-க்கும் கீழே, அதாவது அதைவிடப் பல மடங்கு மெலிந்த சிக்னலையும் கேட்கும். ஏகப்பட்ட இடம் மிச்சம் இருக்கிறதே என்று தோன்றும். ஆனால் கொட்டகை வாசலில் தரையில் வைத்தபோது பாதி எண்கள் வரவே இல்லை. அதே போர்டை நான்கு மீட்டர் கழியில் ஏற்றியதும் ஒன்றுகூடத் தவறவில்லை.

கண்ணுக்கு நேராகத் தெரிந்தால் போதும் என்பது ரேடியோவுக்குப் பொருந்தாது. இரண்டு ஆன்டெனாக்களுக்கும் நடுவே, புகைக்கும் சுருட்டு போல நடுவில் பருத்த ஓர் இடம் அதற்கு வேண்டும். ஃபிரனெல் மண்டலம் என்பார்கள். எங்கள் தூரத்துக்கு நடுவழியில் அதன் ஆரம் 13 மீட்டர். அதில் அறுபது சதவீதமாவது, அதாவது சுமார் 8 மீட்டர், மறைப்பில்லாமல் இருந்தால் நல்லது. நடுவில் ஒரு தோப்பும் சின்ன மேடும் இருக்கும்போது தரையோடு வைத்தால் அந்த இடத்தின் கீழ்ப்பாதி முழுக்க மண்ணிலும் இலையிலும்தான் போகும். ஆகவே பவரைக் கூட்டுவதைவிட உயரத்தைக் கூட்டுவதுதான் வழி. பவருக்குச் சட்டத்தில் உச்சவரம்பு வேறு இருக்கிறது.

லோராவில் இன்னொரு திருகாணி உண்டு, ஸ்ப்ரெடிங் ஃபாக்டர்: செய்தியை எவ்வளவு நீட்டி, நிதானமாகப் பேசுவது என்ற அமைப்பு. வழக்கமாக 7 முதல் 12 வரை. ஒவ்வொரு படி ஏறும்போதும் இரண்டரை டெசிபெல் போலக் கூடுதலாகக் கேட்கும், ஆனால் பேசும் நேரம் ஏறக்குறைய இரட்டிப்பாகும். இருபது பைட் செய்திக்கு 7-இல் 57 மில்லிநொடி, 12-இல் 1.3 நொடி. எல்லாவற்றையும் 12-இல் வைத்துவிட்டு நிம்மதியாக இருக்கலாம் என்று பலர் நினைப்பார்கள். ஐரோப்பாவில் இந்தப் பட்டையின் முக்கியமான பகுதியில் நேரத்தில் 1 சதவீதம்தான் பேசலாம். மணிக்கு 36 நொடி. 12-இல் போனால் 27 செய்தியோடு அந்த மணி நேரம் முடிந்தது. விதி இல்லாத இடத்திலும் பேட்டரி என்று ஒன்று இருக்கிறது. கம்பத்தில் ஏற்றிய பிறகு 10 போதுமாக இருந்தது. ஒரு செய்திக்கு 0.37 நொடி.

ஆன்டெனா வாங்கும்போது கவனிக்க வேண்டியது கனெக்டர். எஸ்எம்ஏ, ஆர்பி-எஸ்எம்ஏ இரண்டும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருக்கும், மரையும் பொருந்தும். ஒன்றில் நடுவில் ஊசி, மற்றதில் ஓட்டை. மாற்றி மாட்டினால் ஓட்டைக்கு ஓட்டை எதிரே நிற்கும், அழகாக முறுகிக்கொள்ளும், சிக்னல் மட்டும் போகாது. வாங்கியதும் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்துவிடுங்கள். ஆன்டெனா மாட்டாமல் போர்டுக்கு மின்சாரம் கொடுத்து அனுப்பவும் கூடாது. சக்தி திரும்பி வந்து டிரான்ஸ்மிட்டரையே கெடுத்துவிடலாம். மெல்லிய கேபிளை நீளமாக இழுத்தாலும் உயரத்தில் சம்பாதித்ததைக் கேபிள் தின்றுவிடும். போர்டையே பெட்டியோடு கம்பத்தின் மேலே ஏற்றி, கேபிளை ஒரு சாண் அளவில் நிறுத்தினேன். பெட்டி பிளாஸ்டிக், ஆன்டெனா வெளியே, இரு முனையிலும் செங்குத்தாக.

சென்சார்களுக்கு வருவோம். கதவுக்கு ரீட் சுவிட்ச்: ஒரு பக்கம் காந்தம், மறுபக்கம் கண்ணாடிக் குழலுக்குள் இரண்டு மெல்லிய தகடுகள். கதவு மூடியிருக்கும்போது சுற்று மூடியிருக்கும்படி இணைத்தேன். அப்போதுதான் யாராவது வயரை வெட்டினாலும் ‘திறந்தது’ என்றே செய்தி போகும். இரும்பு கேட்டில் சாதாரண ரீட் சுவிட்ச் சண்டித்தனம் செய்யும். இரும்பு காந்தப்புலத்தை இழுத்துக்கொள்ளும், கேட்டும் காற்றில் ஆடும். அகல இடைவெளிக்கென்றே வரும் பெரிய காந்த வகையை வாங்கி, அடியில் பிளாஸ்டிக் துண்டு வைத்து மாட்டினேன். அதற்குப் பிறகு அது பேச்சே இல்லை.

பேச்செல்லாம் பாதையில் வைத்த பிஐஆர் சென்சாரால்தான். உடல் சூட்டின் அகச்சிவப்பு அலையைப் பார்ப்பது அது. மனிதனைப் பார்க்கிறது என்று நாம் நினைக்கிறோம், உண்மையில் சூடு இடம் மாறுவதைப் பார்க்கிறது. வெயிலில் காய்ந்த புதர் காற்றில் ஆடினால் அதுவும் அதற்கு ஆள்தான். லென்ஸின் மேல் சிலந்தி நடந்தால் அது ராட்சத ஆள். முதலில் கொஞ்ச நாள் இரவும் பகலும் அலறிக்கொண்டே இருந்தது. பதிவை எடுத்து நேரவாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது: பெரும்பாலானவை பிற்பகலில், மேற்கு வெயில் நேராக லென்ஸில் விழும் நேரத்தில். வடக்கு நோக்கித் திருப்பினேன். எதிரே இருந்த புதரை வெட்டினேன். பாதையை நேராகப் பார்க்காமல் குறுக்காகப் பார்க்கும்படி வைத்தேன். நேராக நடந்து வருபவரைவிடக் குறுக்கே கடப்பவரை பிஐஆர் நன்றாகப் பிடிக்கும், காரணம் அதன் லென்ஸ் பார்வையைக் கீற்று கீற்றாகப் பிரிக்கிறது. அப்படியும் நாய், முயல் தொல்லை போகவில்லை. கடைசியில் பத்து மீட்டர் இடைவெளியில் இரண்டாவது ஒன்றை வைத்து, ஒரு நிமிடத்துக்குள் இரண்டும் அடுத்தடுத்து அடித்தால் மட்டும் அலாரம் என்று மாற்றினேன். உள்ளே வருகிறார்களா, வெளியே போகிறார்களா என்பதும் வரிசையை வைத்துத் தெரிகிறது. கடும் கோடையில் சுற்றுப்புறமே உடல் சூட்டை நெருங்கும்போது பிஐஆர் மந்தமாகிவிடும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஆகவே அதை மட்டும் நம்பிக் கதவு சென்சாரை விட்டுவிடக் கூடாது.

மின்சாரம் பற்றி அதிகம் இல்லை. சோதனை போர்டுகளில் எப்போதும் எரியும் சின்ன எல்இடியும் யுஎஸ்பி சிப்பும் உட்கார்ந்திருக்கும். தூங்கும்போதே 10 மில்லி ஆம்பியர் போனால் 3000 மில்லி ஆம்பியர் மணி பேட்டரி பன்னிரண்டு நாளில் காலி. 20 மைக்ரோ ஆம்பியரில் தூங்கும் போர்டு என்றால் கணக்குப்படி பதினேழு ஆண்டு வரும். அதற்குள் பேட்டரியே கிழடாகிவிடும் என்பது வேறு. தூக்க நேர மின்னோட்டத்தை மல்டிமீட்டரில் அளந்துவிட்டுத்தான் ஒவ்வொன்றையும் பெட்டிக்குள் வைத்தேன். உள்ளங்கை அளவு சோலார் பேனல் ஒன்றும் சேர்த்திருக்கிறேன். பெட்டியின் துளைகள் எல்லாம் கீழ்ப்பக்கம், கேபிளைச் சுற்றி இறுகும் ரப்பர் கிளாண்டோடு. தண்ணீரைவிட எறும்புதான் பெரிய எதிரி. விரல் நுழையாத இடைவெளியில் குடும்பத்தோடு குடியேறிவிடும்.

அப்புறம், உயிர்த்துடிப்புச் செய்தி. இதில்லாத அலாரத்தை நான் அலாரம் என்றே சொல்ல மாட்டேன். ஒரு வாரமாகச் சத்தமே இல்லை என்றால் என்ன பொருள்? யாரும் வரவில்லையா, அல்லது பேட்டரி செத்துவிட்டதா, கிளை விழுந்து ஆன்டெனா முறிந்ததா, பெட்டியையே கழற்றிக்கொண்டு போய்விட்டார்களா? வீட்டிலிருந்து பார்த்தால் எல்லாம் ஒரே அமைதிதான். மலிவான கருவிகள் பலவற்றில் இந்த வசதி கிடையாது. வாங்குபவர்கள் முதலில் கேட்க வேண்டிய கேள்வி இது என்பேன். எத்தனை கிலோமீட்டர் என்பது அதற்கப்புறம்.

எங்கள் சென்சார்கள் அரை மணிக்கு ஒருமுறை ‘இருக்கிறேன்’ என்று சொல்லும். கூடவே பேட்டரி வோல்டேஜும் வரிசை எண்ணும். ரேடியோவில் ஒன்றிரண்டு செய்தி தவறுவது சகஜம் என்பதால், தொடர்ந்து மூன்று வராவிட்டால்தான் வீட்டில் பீப் அடிக்கும். அதற்கு வேறு ஒலி, பதறி எழ வைக்காத ஒலி. திருட்டு அலாரச் செய்திக்கு மட்டும் ரிசீவர் பதில் அனுப்ப வேண்டும். பதில் வராவிட்டால் சென்சார் சில நொடி விட்டு மீண்டும் அனுப்பும். அந்த இடைவெளி ஒவ்வொரு முறையும் வேறுபடும், இல்லாவிட்டால் இரண்டு சென்சார்கள் ஒரே நேரத்தில் பேசி மீண்டும் மீண்டும் மோதிக்கொள்ளும். செய்திகள் ஏஇஎஸ் 128 என்ற மறையாக்க முறையில் பூட்டப்பட்டுப் போகின்றன. பழைய செய்தியை யாராவது பதிவு செய்து திரும்ப ஒலிபரப்பினாலும், வரிசை எண் பின்னால் போவதைப் பார்த்து ரிசீவர் தள்ளிவிடும். அரை மணி இடைவெளியில் ஒருவர் பெட்டியை உடைத்துவிட்டால் என்ன செய்வது என்று கேட்கலாம். மூடியைத் திறந்தால் அழுந்தியிருக்கும் சின்ன சுவிட்ச் விடுபட்டு உடனே செய்தி போகும். கம்பத்தோடு பிடுங்கி ஆன்டெனாவை முதலில் உடைப்பவரிடம் தோற்றுத்தான் போவேன். தோற்றது ஒன்றரை மணி நேரத்தில் தெரிந்துவிடும்.

வீட்டில் ரிசீவரோடு ஒரு பஸ்ஸர், ஒரு மாற்று பேட்டரி. போனுக்கும் இணையம் வழியே தகவல் வரும், ஆனால் அதை இரண்டாவதாகத்தான் வைத்திருக்கிறேன். வீட்டில் கரண்ட் போய் இணையம் நின்றாலும் தலைமாட்டில் பஸ்ஸர் கத்த வேண்டும். கத்தினால் என்ன செய்வது என்பதையும் வீட்டில் முன்பே பேசி வைத்தோம்: தனியாக யாரும் கிளம்பக் கூடாது, முதலில் காவல்துறைக்கும் பக்கத்து நிலத்துக்காரருக்கும் போன்.

மாடி ஆன்டெனாவுக்கு, மின்னலால் கேபிளில் பாயும் மின்சாரத்தைத் தரைக்குத் திருப்பும் சர்ஜ் அரெஸ்டரும் எர்த்தும் கொடுத்திருக்கிறேன். உயரமான கம்பம் வைப்பவர்கள் இதைத் தள்ளிப்போட வேண்டாம்.

உயிர்த்துடிப்புச் செய்தியால் எதிர்பாராமல் கிடைத்த லாபம் ஒன்று உண்டு. ஒவ்வொன்றின் சிக்னல் பலத்தையும் ரிசீவர் குறித்துவைப்பதால் மாதக்கணக்கில் ஒரு வரைபடம் சேர்ந்துவிட்டது. மழை பெய்து தோப்பு நனைந்த நாட்களில் கோடு தெளிவாகக் கீழே இறங்குகிறது; ஈர இலை அலையைக் கூடுதலாக உறிஞ்சுகிறது. இதுவரை செய்தி எதுவும் தொலையவில்லை, ஆனால் மரங்கள் வளர்ந்துகொண்டுதானே இருக்கின்றன. கம்பத்தை இன்னும் இரண்டு மீட்டர் உயர்த்த வேண்டும். குழாய் வாங்கியாயிற்று. ஏறுவது யார் என்பதில்தான் தம்பிக்கும் எனக்கும் இன்னும் முடிவாகவில்லை.