எட்டுதானே படிச்ச?

டாக்டர் கொடுத்த தாளில் 16 வந்தபோது அழுகை வரவில்லை. இதை அம்மாவிடம் தமிழில் எப்படிச் சொல்வது என்று யோசித்தபோதுதான் வந்தது.

மான்செஸ்டருக்கு வந்து 2 வருடம். ஊர் பழகிவிட்டது என்றுதான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். டிசம்பரில் நாலு மணிக்கு முன்பே இருட்டிவிடும், அதுகூடப் பழகிவிட்டது என்றேன். அந்தத் தாளின் பெயர் பி.எச்.க்யூ-9, மனச்சோர்வு எவ்வளவு என்று அளப்பது. கடந்த 2 வாரமாகத் தூக்கம் எப்படி, பசி எப்படி என்று 9 கேள்விகள். ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை, மொத்தம் 27. பேச்சு சிகிச்சைக்கு இங்கிலாந்தில் டாக்டர் சீட்டுகூட வேண்டாம், அரசு மருத்துவச் சேவையான என்.எச்.எஸ்.ஸில் நாமே பதிந்துகொள்ளலாம், காசும் இல்லை. அது சுலபமாக முடிந்தது.

வீட்டில் சொல்வதுதான் மலையாக நின்றது. சென்னையில் ‘கீழ்ப்பாக்கம்’ என்பார்கள். எங்கள் திருச்சிப் பக்கம் ஒருவர் கொஞ்சம் மாறிப் பேசினால், ‘குணசீலத்துக்குக் கூட்டிட்டுப் போங்க’. பள்ளியில் நானும் சொல்லியிருக்கிறேன். இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது. மனசு குணமாக வேண்டி ஒரு மண்டலம் அங்கே பெருமாள் கோயிலில் தங்கி, உச்சிக்காலப் பூஜையில் முகத்தில் அடிக்கும் தீர்த்தத்துக்காக அத்தனை நம்பிக்கையோடு காத்திருப்பவர்கள் அவர்கள். சின்ன வயதில் அம்மா கையைப் பிடித்துக்கொண்டு அந்த வரிசையில் நின்றிருக்கிறேன். பக்கத்தில் நின்ற அக்கா ஒருத்தி ஈர முகத்தைத் துடைக்காமல் கண்ணை மூடிக்கொண்டே நின்றாள். அந்த ஊர்ப் பெயரைப் போய் வசவாக்கி வைத்திருக்கிறோமே.

ஒரு சனிக்கிழமை கூப்பிட்டேன். அங்கே இரவு ஒன்பதரை. அம்மா பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

“டாக்டர்கிட்ட போனேம்மா.”

“காய்ச்சலா? மிளகு ரசம் வச்சியா?”

“மனசு சரியில்லைம்மா.”

“யாரு என்ன சொன்னா?”

விளக்க வரவில்லை. தாளை எடுத்து, ஒன்பது கேள்வி என்று சொல்லி, ஒவ்வொன்றாகத் தமிழில் படித்தேன். ஆறாவது, நாம் தோற்றுவிட்டோம், வீட்டாரைக் கைவிட்டுவிட்டோம் என்று தோன்றுகிறதா என்பது. குழாய்ச் சத்தம் நின்றது. “மேல படி,” என்றாள். ஏழு, எட்டு படித்தேன்.

“உன் தம்பி பொறந்தப்போ எனக்கும் இப்படித்தான் இருந்துச்சு கண்ணு. ஆறு மாசம். அப்பத்தா கண்ணேறுன்னாங்க. நான் யார்கிட்டயும் சொல்லலை.”

இருவரும் சற்று நேரம் பேசவில்லை. அப்புறம், “ஒன்பதுன்னியே, எட்டுதானே படிச்ச?” என்றாள்.

உயிரை விடத் தோன்றுகிறதா என்பது ஒன்பதாவது. அதை விட்டுவிடலாம் என்றுதான் இருந்தேன். படித்தேன்.

“அதுக்கு எவ்வளவு போட்ட?”

“பூஜ்யம்மா.”

“சத்தியமா?”

“சத்தியமா.”

“அது ஒன்னானாலும், ராத்திரி ரெண்டு மணின்னாலும், எனக்குப் போன் போடணும்.”

இப்போது செவ்வாய்தோறும் சிகிச்சை முடிந்ததும் அம்மாவே கூப்பிட்டு, “இன்னைக்கு அந்தம்மா என்ன கேட்டாங்க?” என்கிறாள். அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை, அதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். போன வாரம் போனை வைக்கும்போது தயங்கித் தயங்கிக் கேட்டாள்:

“அந்தத் தாளைத் தமிழ்ல எழுதி எனக்கு வாட்ஸ்அப்ல அனுப்புறியா?”